எட்டுக்கால் யானை

குட்டிகளுக்கான கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள் சிலந்தியக்கா. தூரிகையைக் கையில் எடுத்தால் அவளுக்கு உலகமே மறந்துபோகும். அந்த மறதியில்தான் அன்று யானைக்கும் தன்னைப்போலவே எட்டுக் கால் போட்டு, அதன்மேல் மையையும் தீட்டிவிட்டாள்.

படத்தை வாங்கிப்போக வந்த பதிப்பாளர் நத்தையார் திகைத்துப்போனார்.

"என்னம்மா இது, யானைக்கு ஏது எட்டுக் கால்? என் நடைக்கு இப்பவே கிளம்பினால்தான் சாயங்காலம் அச்சகம் போய்ச் சேருவேன்!"

சிலந்தியக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. மையை அழிக்க முடியாது. வேறு படம் வரைய நேரமும் இல்லை.

"கால்கூடப் போகட்டும், முதுகில் வீட்டையே காணோமே!" என்றார் நத்தையார்.

"யானைக்கு எதுக்குங்க முதுகில் வீடு?"

"பின்னே, மழை வந்தால் அது எங்கே போய் ஒண்டும்?"

இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அந்த வழியே போன யானைக்குட்டி ஒன்று ஜன்னலில் எட்டிப் பார்த்தது. படத்திலிருந்த கால்களை ஒவ்வொன்றாக எண்ணியது. எட்டு வந்ததும் துள்ளிக் குதித்தது.

"ஐ! எங்கம்மா! அம்மாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறது நான்தானே அக்கா?"

"நீயேதான்டா செல்லம்," என்றாள் சிலந்தியக்கா. சொல்லிக்கொண்டே, பெரிய யானைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு குட்டித் தும்பிக்கையைச் சட்டென்று வரைந்துவிட்டாள்.

அம்மாவின் மறைவில் ஒண்டியிருந்த அந்தத் தும்பிக்கையை நத்தையார் உற்றுப் பார்த்தார்.

"சரி, கொடும்மா," என்று படத்தைச் சுருட்டிக்கொண்டார். "வீடும் இருக்கு."