சட்டைப் பையில் இருந்தது

துவைக்க எடுத்த சட்டையின் பையில் ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் இருந்தது. சிவப்பு. பாதி காலி.

நிலோஃபர் நகத்தில் எதுவும் பூசுவதில்லை. பூச்சு இருந்தால் நகத்தில் தண்ணீர் படாது. தொழுகைக்கு முன் கைகால் கழுவிச் செய்யும் ஒளு நிறைவேறாது. கல்யாணத்துக்குக்கூட மருதாணியோடு சரி. பதினான்கு வருடமாக உடன் வாழ்கிற ஹாஜாவுக்கு இது தெரியும்.

அப்படியானால் இது யாருக்கு?

ஷார்ஜாவில் விமானப் பட்டறையில் வேலை பார்த்துத் திரும்பியவன் ஹாஜா. இரண்டு வருடமாக ராதாபுரம் பக்கம் ஒரு ஷெட்டில், ஒருவர் மட்டும் உட்காரும் சின்ன விமானத்தைத் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தான். உதவிக்கு வருகிறவள் அஃப்ரா, இன்ஜினியரிங் கடைசி வருடம். அவனை அண்ணன் முறையில் 'காக்கா' என்றும் நிலோஃபரை அக்கா முறையில் 'லாத்தா' என்றும் கூப்பிடுவாள். வீட்டில் வாய் திறக்காதவன், ஷெட்டில் அவளோடு மணிக்கணக்கில் பேசுவான்.

நிலோஃபர் பாட்டிலைக் கொல்லைக் கிணற்றில் போட்டாள்.

சாயங்காலம் மறுபடி ஷெட்டுக்குக் கிளம்பிய ஹாஜா, கொடியில் காய்ந்த சட்டையைத் தடவிப் பார்த்தான்.

"பையில எதுவும் இருந்துச்சா?"

"என்ன இருக்கணும் மச்சான்?"

"ஒண்ணுமில்ல. ஷெட்லதான் கெடக்கும்."

முகத்தைப் பார்த்தே பொய் சொல்லுதாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை முதல் பறப்பு. வறண்ட குளத்தின் கரையில் ஊரே நின்றது. விமானம் பனைகளுக்கு மேலே வட்டமடித்தபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நிலோஃபர் மட்டும் அஃப்ராவின் விரல்களைப் பார்த்தாள். நகங்களில் ஒன்றுமில்லை.

அழித்துவிட்டு வந்திருக்கிறாள், கள்ளி.

"லாத்தா, காக்கா எறங்குதாங்க பாருங்க," என்றாள் அஃப்ரா.

சக்கரங்கள் தரையைத் தொட்டன. அடுத்த நொடி இடது சக்கரம் கழன்று தனியாக உருண்டது. இறக்கை மண்ணில் குத்தி, விமானம் ஒரு சுற்றுச் சுற்றிச் சாய்ந்து நின்றது.

நிலோஃபர் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். கழலாத வலது சக்கரத்தின் நட்டில் சிவப்பாக ஒரு கோடு. ரத்தம் என்று நினைத்தாள்.

ஹாஜாவின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மணிக்கட்டு மட்டும் ஒடிந்து தொங்கியது. அவனைத் தாங்கிப் பிடிக்க அஃப்ராவும் கை நீட்டினாள்.

"நீ தொடாத. எம் மாப்பிள்ளைய எனக்குப் பாக்கத் தெரியும்."

அஃப்ரா விலகி, சக்கரம் கழன்ற இடத்தில் குனிந்து பார்த்தாள்.

"காக்கா, நேத்து இந்த நட்ட முடுக்கலையா?"

"முடுக்குனதாத்தான் நெனச்சேன் புள்ள." ஹாஜா வலியில் பல்லைக் கடித்தான். "எப்பவும் முடுக்குன கையோட அதுமேல சிவப்பா ஒரு கோடு இழுத்துருவேன். கோடு இல்லன்னா முடுக்கலைன்னு தெரிஞ்சிரும்."

"நேத்து இழுக்கலையா?"

"நேத்துன்னு பாத்து அந்த நெயில் பாலிஷ் பாட்டில எங்கனயோ தொலைச்சிட்டேன்."