கழற்றாத கியர்பாக்ஸ்

"கழட்டச் சொல்லித்தானே வண்டியை விட்டுட்டுப் போனேன்? இது இன்னும் இங்கியே இருக்குது" என்றார் ராஜமாணிக்கம், தன் பழைய மிலிட்டரி லாரியின் அடியில் குனிந்து பார்த்தபடி.

"கழட்டினேண்ணே. திரும்ப மாட்டிட்டேன்" என்றார் மெக்கானிக் பிரசாத்.

இன்ஜினின் சுழற்சியை முன்பக்கத்தில் கம்பி வடம் சுற்றி இழுக்கும் வின்ச்சுக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. கியர்பாக்ஸ் அது. ராணுவ ஏலத்தில் எடுத்த அந்த லாரியை வைத்துக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் பக்கம் சேற்றில் புதைந்த டிராக்டர், பள்ளத்தில் சாய்ந்த வேன் என்று எல்லாவற்றையும் இழுத்துக் கொடுத்துவந்தவர் ராஜமாணிக்கம். இனி அந்த வேலையே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார். மிலிட்டரி வண்டி என்றால் பிரசாத்திடம் போ என்று யாரோ சொல்ல, வேங்கிக்காலில் இருந்த அவர் ஷெட்டில் வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார். வெகுநாள் பூட்டியிருந்த ஷெட் அன்றுதான் திறந்திருந்தது.

பிரசாத் தேய்ந்துபோன பல்சக்கரம் ஒன்றை எடுத்துக் காட்டினார். பாரம் ஏறினால் பல் நழுவுவது இதனால்தான் என்றார். வேலூரில் சொல்லிப் புதிதாகக் கடைந்து வாங்கிப் போட்டிருப்பதாகவும், வின்ச் பிரேக்கையும் மாற்றிவிட்டதாகவும் சொன்னார்.

ராஜமாணிக்கத்துக்குக் கோபம் வந்தது. தான் ரிப்பேர் செய்யச் சொல்லவே இல்லை என்றார்.

"டவுன்லேருந்து ஃபயர் சர்வீஸ் வர்றதுக்குள்ள, அந்தப் பக்கம் இருக்கறது உங்க வண்டி ஒண்ணுதான். நாளைக்கு யாராவது ஓடி வந்து கூப்பிட்டா?"

"போவ மாட்டேன்."

சொல்லிவிட்டு, கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

ரோட்டோரக் கிணற்றில் ஒரு லோடு ஆட்டோ விழுந்துவிட்டது. கதவு நசுங்கி உள்ளே மாட்டிக்கொண்ட பையனுக்கு உயிர் இருந்தது. ஊரே சுற்றி நின்று அவசரப்படுத்த, ராஜமாணிக்கம் கொக்கியை மாட்டி இழுத்தார். பாதிக் கிணறு ஏறியதும் பல் நழுவியது. கம்பி வடம் சரசரவென்று ஓட, ஆட்டோ மறுபடி தண்ணீருக்குள் போய்விட்டது. திரும்ப மேலே கொண்டுவந்தபோது உள்ளே அசைவில்லை. அதற்குமேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தவர், பேச்செடுத்த மனைவி சரோஜாவையும் வாயை மூடச் சொல்லிவிட்டார்.

"ஏறி வர்றப்ப என்னைப் பார்த்து கையை ஆட்டுனாம்பா. தூக்கிட்டோம்னு நெனச்சேன். அவன் யாரு, எந்த ஊரு, எதையும் நான் கேட்டுக்கல. கேக்க தைரியம் இல்ல."

பிரசாத் கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு லாரிச் சாவியை எடுத்து நீட்டினார்.

"பெட்டிக்குள்ள பல்லு தேஞ்சிருக்கறது வெளிய இருந்து யாருக்கும் தெரியாது. நீங்க வேணும்னு பண்ணல. கூப்பிட்டா போங்கண்ணே."

"எப்படிப்பா போறது? நாளைக்கு அந்தப் பையனோட அப்பா எதிர்ல வந்து நின்னா, அந்த ஆளு மூஞ்சியை நான் எப்படிப் பார்ப்பேன்?"

பிரசாத்தின் நீட்டிய கை இறங்கவில்லை.

"இவ்ளோ நேரமா பார்த்துக்கிட்டுதாண்ணே இருக்கீங்க" என்றார். "அவன் பேரு வளவன்."