கஞ்சித் தாள்

சாத்தூர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை பார்த்த சவரிராஜ், தீப்பெட்டி ஆலையின் கந்தகப் புகையைக் காட்டிக்கொடுக்க ஒரு கருவி செய்தான். வாய் திறந்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் ஆய்வக உப்புக் கரைசலும் சோற்றுக் கஞ்சியும் தடவிய வெள்ளைத் தாள் தொங்கும். புகை பட்டால் நீலமாகிவிடும்.

ஆலையில் தீக்குச்சிக்கு மருந்து முக்கும் மனைவி இசபெலுக்காகத்தான் அதைச் செய்தான். வீட்டில் வாசலுக்கொன்று, தொட்டிலுக்கொன்று வைத்திருந்தான். சாயங்காலம் சேலையில் ஒட்டிய புகையோடு அவள் வந்து நின்றாலே தாள் நீலமாகும்.

"குளிச்சிட்டுப் பிள்ளையத் தூக்கு" என்பான். சிரித்துக்கொண்டே போவாள்.

கருவியைப் பார்க்க ஆலை முதலாளி சம்மதிப்பதற்குள் அவள் மூச்சுமுட்டிச் செத்துப்போனாள்.

அடக்கம் முடிந்து, அவள் சேலைகளையெல்லாம் கொடுத்தபிறகும், சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதியதும் தொட்டில் தாள் நீலமானது. புதுத் தாள் மாற்றினான். மறுநாளும் நீலம். ஆலை பூட்டிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமையும் நீலம். பிள்ளை இருமத் தொடங்கியது.

சவரிராஜ் தொட்டிலுக்கு முன்னால் நின்று சொன்னான்.

"பிள்ளைக்கு ஒத்துக்கல, இசபெல். வாசல்லயே நின்னு பாத்துக்க."

மறுநாள் சாயங்காலம் தொட்டில் தாள் வெள்ளையாகவே இருந்தது. இருமல் நின்றிருந்தது. வாசல் தாள் மட்டும் நுனிமுதல் அடிவரை நீலம் பாரித்திருந்தது.