எலுமிச்சம்பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை

பந்தயக் காரைப் பார்த்து வடித்த பைக்காம். கோவைக்கே முதல் வண்டியாம். ஓட்டத் தெரியவேண்டியதில்லை, ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தால் போதும், தானே போகும். பின்சீட் மட்டும் கிடையாது. பெண்டாட்டி உட்கார்ந்தால் அதன் அழகு கெட்டுவிடுமாம்.

பிள்ளையார் கோயில் வாசலில் பூஜை. குருக்கள் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழத்தை வைத்தார். பக்கத்தில் நான் ஆரத்தித் தட்டோடு நின்றேன். என் வீட்டுக்காரர் குழந்தைவேல், மாப்பிள்ளை ஊர்வலம் போகிறவரைப்போல ஏறி உட்கார்ந்து, "போலாம்" என்றார்.

வண்டி பழத்தைப் பார்த்தது. என்னையும் பார்த்தது. பிறகு ஒதுங்கி, என் காலில் ஏறி இறங்கி நின்றது.

"எலுமிச்சைச் சாறு சக்கரப் பூச்சைக் கெடுக்கும். சேதம் குறைந்த வழியில் வந்துள்ளோம்" என்றது பணிவாக.

நான் வலி தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குருக்கள் குனிந்து எலுமிச்சையை எடுத்து, "பழத்துக்கு ஒண்ணும் ஆகலைங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் குதித்திறங்கி மண்டியிட்டார். பிடித்துவிடத்தான் வருகிறார் என்று காலை நீட்டினேன். அவர் கைக்குட்டையால் சக்கரத்தைத் துடைத்தார்.

"ஏன் அம்மிணி, மெட்டியோட எதுக்கு இங்க வந்து நின்னே? கீறல் உழுந்திருக்குது பாரு."

அந்த மெட்டியை எனக்குப் போட்டுவிட்டவரே அவர்தான்.

குருக்களிடம் கை நீட்டி எலுமிச்சையை வாங்கினேன். நன்றாகக் கடித்து, அந்தச் சக்கரத்தின் மேல் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் பிழிந்தேன்.