மூன்றாவது கம்பத்தில் பழுது

"நின்னுடுச்சு சார்" என்றார் படகோட்டி.

அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. காயலின் நடுவில், வழி காட்டுவதற்காகத் தண்ணீருக்குள் நட்டிருந்த மூன்றாவது கம்பத்துக்குப் பக்கத்தில், மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப் போயிருந்தது.

செயலாளருக்கு எரிச்சல் தலைக்கு மேல் ஏறியது. பறவை நேசர் மன்றத்தின் செயலாளர் அவர். தலையில் மன்றத்தின் பச்சைத் தொப்பி. 'கூடுகளைக் கலைக்காதீர்' என்று மன்றம் அடிக்கப்போகும் போஸ்டருக்கு அட்டகாசமாக ஒரு படம் வேண்டும். காயலின் மறுகோடியில் பூநாரைக் கூட்டம் இறங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு, மனைவியையும் மைத்துனனையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தார். வெயில் ஏறினால் பூநாரைகள் பறந்துவிடும்.

"என்னமோ நல்ல சேதி மாதிரி சாவகாசமா சொல்றீங்க! காலை நீட்டிக்கிட்டு ஓட்டினா நிக்காம என்ன செய்யும்?"

"பழைய இன்ஜின் சார். கொஞ்ச தூரம் கழி போட்டுத் தள்ளிடறேன்."

"தள்ளுறதா? ஆமைகூட நமக்கு முன்னால போய்ச் சேர்ந்துடும்!"

மனைவி தன் தம்பியைப் பார்த்தாள். "டேய், நீதான் மெக்கானிக்காச்சே. என்னன்னு கொஞ்சம் பாரேன்."

கேமரா ஸ்டாண்டையும் தண்ணீர் பாட்டிலையும் சுமப்பதற்காக அழைத்து வரப்பட்ட தம்பிக்கு அப்போதுதான் ஒரு மரியாதை வந்தது. இருபது வருடமாகப் பட்டறை வைத்திருப்பவன். பின்பக்கம் போய் இன்ஜின் மூடியைத் திறந்தான். உள்ளேயிருந்து வந்த குழாயைத் தடவிக்கொண்டே படகோட்டியின் கால்வரை போனான். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். மூடியை மூடிவிட்டான்.

"என்னால ஆகாது மாமா. பெரிய கோளாறு."

"ரெண்டு நிமிஷம்கூடப் பார்க்கலியேடா!"

"பார்த்துட்டேன். ஆகாது."

"இருபது வருஷமா ஊர்ல இருக்கிற வண்டியையெல்லாம் எந்த லட்சணத்துல பார்த்தியோ!"

அக்காவின் முகம் சுருங்கிப் போயிற்று. "ஏண்டா, இவர் முன்னாடிதானா என் மானத்தை வாங்கணும்?"

தம்பி இன்னொரு கழியை எடுத்துப் படகோட்டியோடு சேர்ந்து தள்ள ஆரம்பித்தான். படகு நகர்கிறதா, சும்மா ஆடுகிறதா என்றே தெரியவில்லை.

"சீக்கிரம்! சீக்கிரம்!" என்று செயலாளர் கத்தினார்.

"மாமா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்."

"ஏன், அவரோட இன்ஜின் தூங்குதா?"

கேமராவை முகத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த இளஞ்சிவப்புக் கூட்டத்தையே பார்த்தபடி பல்லைக் கடித்தார்.

நாலாவது கம்பம் தாண்டியதும் படகோட்டி கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தார். மோட்டார் சமர்த்தாகக் கிளம்பியது.

"இப்ப மட்டும் எப்படிய்யா ஓடுது?"

"சூடு ஆறிடுச்சு போலிருக்கு சார்."

இவர்கள் போய்ச் சேர்வதற்கும் பூநாரைகள் மொத்தமாக எழுந்து போவதற்கும் சரியாக இருந்தது. செயலாளர் எடுத்ததெல்லாம் வெறும் தண்ணீர்ப் படம்.

திரும்பும்போது, அதே இடத்தில் மோட்டார் மறுபடி நின்றது.

"இது இன்ஜின் கோளாறே இல்லை! பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற கோளாறு! கரைக்குப் போனதும் முதல் வேலையா புகார் எழுதறேன் பாருங்க!"

படகோட்டியின் கை கழியோடு அப்படியே நின்றது.

"எழுதாதீங்க சார். ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு. மூணாவது வந்தா, விசாரிச்சுப் படகைப் பிடுங்கிடுவாங்க. எனக்கு வேற பொழைப்பு தெரியாது."

"அப்ப இந்தப் பொழைப்பை ஒழுங்காப் பார்த்திருக்கணும்."

படகுத் துறையில் டிக்கெட் கவுண்டர் பெண்ணிடம் புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். பொறுப்பின்மை, சோம்பேறித்தனம், இயற்கையை நேசிப்பவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று ஒரு பக்கத்துக்கு எழுதித் தள்ளினார்.

"இது அவருக்கு மூணாவது" என்றாள் அந்தப் பெண், சங்கடத்தோடு.

"தெரிஞ்சுதான் எழுதறேன். டேய், நீயும் சாட்சியா கீழே எழுதிட்டு வா. கையெழுத்துப் போடவாவது வருமில்ல?"

அவர் மனைவியோடு காருக்குப் போய்விட்டார்.

தம்பி பேனாவை எடுத்தான். 'நான் மோட்டார் மெக்கானிக். நானே சோதித்துப் பார்த்தேன். கோளாறு இன்ஜினில்தான், படகோட்டிமேல் தவறில்லை. இது சரியாவதற்கு' என்று எழுதி, அதோடு நிறுத்திவிட்டு, படகைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் போனான்.

"அண்ணே, உங்க காலுக்குக் கீழ பெட்ரோல் திருகு மூடியிருந்ததை நான் யார்கிட்டயும் சொல்லலை."

படகோட்டி தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணாவது கம்பத்துக்குப் பக்கத்துல இருக்கிற சேத்துத் திட்டுல ஏழு கூடு எண்ணினேன். முட்டைங்க தண்ணிக்கு ஒரு சாண் மேலகூட இல்லை. மோட்டார் போட்டா அலை வாரிக்கிட்டுப் போயிடும், இல்லையா?"

"ஆமா தம்பி."

"அதை எல்லார்கிட்டயும் சொல்லிடலாமே?"

"சொன்னா, ஒரே ஒரு போட்டோன்னு திட்டுல இறங்கிடறாங்க. போன வருஷம் இறங்கி மிதிச்சவரும் இதே பச்சைத் தொப்பிதான் போட்டிருந்தார்."

காரிலிருந்து ஹாரன் அலறியது. "வாடா மெக்கானிக்கு!"

"குஞ்சு பொரிக்க இன்னும் எத்தனை நாள் ஆகும்ணே?"

"பன்னிரண்டு."

தம்பி கவுண்டருக்குத் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து எழுதி முடித்தான்: 'பன்னிரண்டு நாள் ஆகும்.'