கண்ணாடிப் பெட்டியில் ஏழு ஜெர்சி

"ஐயோ, போச்சே! எல்லாம் போச்சே!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேனர் கடை பார்த்திபன் போட்ட கூச்சலில், செங்கம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையே கிளாஸும் கையுமாக எழுந்து ஓடி வந்தது.

வந்தவர்கள் முதலில் கல்லாவைத்தான் பார்த்தார்கள். அது பத்திரமாக இருந்தது. கம்ப்யூட்டர் இருந்தது. பேனர் அடிக்கிற மெஷினும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"பின்ன இன்னாதான்யா போச்சு?" என்றார் டீக்கடை குமரேசன்.

பார்த்திபன் சுவரைக் காட்டினான். கண்ணாடி ஷோகேஸ் காலி. ஹேங்கர்கள் மட்டும் அம்போ என்று தொங்கின.

அந்த ஷோகேஸைத் தெரியாதவர் செங்கத்தில் கிடையாது. நெல்லிவாசல்நாட்டு மலைப் பெண்களின் கபடி டீம் போன வருஷம் கோப்பை அடித்தபோது போட்டிருந்த ஏழு ஜெர்சியும் அதில்தான் இருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கர் பேனாவில் அவரவர் கையெழுத்து. மேலே சீரியல் லைட்டு. கேப்டன் நதியா குடித்துவிட்டு வீசிய தண்ணி பாட்டிலுக்குக்கூட அதில் இடம் உண்டு.

பேனர் கடையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா மனுஷன்? 'நெல்லிவாசல் வேங்கைகளின் உயிர்மூச்சே!' என்று வாசலில் ஒரு பேனர். அதில் கூலிங் கிளாஸோடு ஆளுயரத்துக்குப் பார்த்திபன். வேங்கைகள் ஏழு பேரும் அவன் காலடியில் ஸ்டாம்பு சைஸில்.

"துவைக்கக்கூட இல்லியேண்ணே! ஜெயிச்ச அன்னிக்கு வந்த வேர்வை. அந்த வாசனை இனிமே கெடைக்குமா?"

"கெடைக்காம இருந்தா சரி" என்று மூக்கைத் தேய்த்துக்கொண்டே கிளம்பினார் குமரேசன். அவர் கடை காற்றடிக்கும் பக்கத்தில் இருந்தது.

டிபன் டப்பாவோடு வந்த பெண்டாட்டி அமுதவல்லியிடம் பார்த்திபன் பொரிந்து தள்ளினான்.

"அந்த நதியாதான்! வேற யாரும் இல்லே. நேத்து ஷேர் ஜீப்ல எறங்கி நேரா இங்கதான் வந்தா. ஷோகேஸையே பார்த்துட்டு நின்னா. 'அண்ணா, அந்த ஜெர்சி...'ன்னு கைய நீட்டினா. கண்ணாடியில கை வெக்காதே, கறையாய்டும்னு அப்பவே வெரட்டி வுட்டேன்."

"அவங்க போட்டு ஆடின ஜெர்சிதானேங்க?"

"ஆடினது அவங்க. கட்டிக் காப்பாத்தினது யாரு? ரசிகன் கடையிலயே கை வெக்கிறாளே, இவள்லாம் ஒரு கேப்டனா? இப்பவே ஸ்டேஷனுக்குப் போறேன்."

"ஸ்டேஷன் எங்கயும் ஓடிப் போய்டாது. இன்னிக்கு ஃபைனலு. உங்க வேங்கைங்க ஆடறதைப் பார்த்துட்டு, அப்புறமா உள்ள தள்ளுங்க."

அதுவும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஊரே கூடியிருக்கிற கிரவுண்டில் வைத்து மானத்தை வாங்கினால்தான் அவளுக்குப் புத்தி வரும்!

கிரவுண்டில் எள் போட்டால் விழாத கூட்டம். எதிர் டீம் சிவப்பு ஜெர்சியில் இறங்கியது. அடுத்து நெல்லிவாசல் பெண்கள் வரிசையாக வந்தார்கள். நீல ஜெர்சி. முதுகில் நம்பர். நம்பருக்குக் கீழே கொஞ்சம் மங்கலாக ஒவ்வொரு கையெழுத்து.

பார்த்திபன் துள்ளி எழுந்தான்.

"அடிப்பாவிங்களா, துவைச்சிட்டாளுங்களே!"

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கோட்டுக்கே ஓடினான். கையை ஓங்கி, 'திருடி' என்று கத்த வாயைத் திறந்த நேரம், மேடையில் மைக் அலறியது.

"நம்பர் போட்ட ஜெர்சி இல்லேன்னா ஃபைனல்ல எறக்க முடியாதுன்னு நேத்து மலைப் பொண்ணுங்ககிட்ட கமிட்டியில கண்டிசனா சொல்லிட்டோம். பாவம், அழுதுட்டே போச்சுங்க. அதைக் கேள்விப்பட்டு, தான் உசுரா வெச்சிருந்த ஜெர்சியையே தூக்கிக் குடுத்த ஒரு வள்ளல் நம்ம ஊர்ல இருக்காருங்க! பேனர் கடை பார்த்திபன் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!"

விசில் காதைக் கிழித்தது. ஓங்கிய கை தானாகவே கும்பிடாக மாறியது.

மேடையில் நதியாதான் சால்வை போட்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்கண்ணா. நேத்து நீங்க வெரட்டினதும் மனசுக்குள்ள திட்டிட்டேன். ராத்திரியோட ராத்திரியா துவைச்சி, இஸ்திரி போட்டு, அண்ணிகிட்ட குடுத்தனுப்புவீங்கன்னு நெனைக்கவே இல்லண்ணா."

அவ்வளவுதான். அடுத்த நொடி மைக் பார்த்திபன் கையில் இருந்தது.

"வாங்கி வெச்சிக்கிறவன் ரசிகன் இல்லீங்க! வாரிக் குடுக்கறவன்தான் ரசிகன்!"

மறுபடியும் விசில். கீழே இறங்கி வந்து அமுதவல்லியின் காதோரம் பல்லைக் கடித்தான்.

"யாரக் கேட்டுடி எடுத்துக் குடுத்தே?"

"நீங்க சொன்னதைத்தான் கொஞ்சம் லேட்டா செஞ்சேன். பொங்கலுக்குள்ள புது செட்டு எடுத்துத் தர்றேன்னு சொல்லித்தானே இதை வாங்கினு வந்தீங்க? அவங்ககிட்ட இருந்ததே இந்த ஒரு செட்டுதான்."

கோட்டுக்குள் நதியா முதல் ரெய்டுக்குக் கிளம்பியிருந்தாள். பார்த்திபனின் கை சால்வையைத் தடவியது. பாக்கெட்டிலிருந்து மெதுவாக மார்க்கர் பேனா வெளியே வந்தது.

"மேட்ச் முடிஞ்சதும் இந்தச் சால்வையில ஏழு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டா... ஷோகேஸ் சும்மாதானே கெடக்குது?"

"தாராளமா மாட்டிக்குங்க" என்றாள் அமுதவல்லி. "அது இல்லாமலே அவங்களால கபடி ஆட முடியும்."