வியாழக்கிழமைக் குழாய்

“அங்க என்ன நடக்குது, அன்னத்தாயி?” என்று கேட்டார் மாரிசெல்வம்.

மும்பை மாட்டுங்காவில் அவர் வீட்டிலும், தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கும் அய்யாத்துரையின் செம்பூர் வீட்டிலும் சமையல் வேலை செய்பவள் அன்னத்தாய். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தயங்கினாள்.

“தெரிஞ்சா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாவ, அண்ணாச்சி.”

“நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன். சொல்லு.”

“எங்க தாராவி சந்துக்குத் தண்ணிக் குழாய் போடப் போறாவளாம். சனிக்கிழமை டிவிக்காரங்களக் கூப்பிட்டிருக்காவ.”

“சனிக்கிழமையா? என் கூட்டம் நடக்கிற நாளாப் பாத்தா? யாரும் என் பக்கம் திரும்பக் கூடாதுன்னுதான்! நான் வியாழக்கிழமையே அறிவிச்சிருதேன்.”

“வெறும் அறிவிப்பு இல்லையாம், அண்ணாச்சி. தண்ணிய வரவச்சிட்டுத்தான் பேசுவாவளாம்.”

மாரிசெல்வம் போனை எடுத்தார். “வியாழக்கிழமைக்குள்ள அந்தச் சந்துல தண்ணி வரணும். சம்ஜா? புரிஞ்சுதா?”

வியாழக்கிழமை மாலை, கேமராக்களுக்கு முன்னால் அவரே குழாயைத் திறந்தார். அவர் கார் கிளம்பியதும் பெண்கள் குடங்களோடு கூடினார்கள்.

“யக்கா, அய்யாத்துரை நெசமாவே குழாய் போடப் போறேன்னு சொன்னாராக்கும்?” என்று கேட்டாள் இசக்கிசெல்வி.

“அவருக்கு இந்தச் சந்து எங்க இருக்குன்னே தெரியாது.” நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள் அன்னத்தாய். “நாளைக்குச் செம்பூர்ல போய், மாரிசெல்வம் அண்ணாச்சி அடுத்து என்ன செய்யப் போறாவன்னு சொல்லணும். நமக்கு என்ன வேணும், சொல்லுங்க.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை அவர்களிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.